மடக்குக்கத்தியின் குணமும் குற்றமும்

மடக்குக்கத்தி என்றதும் அது மேனாட்டார் கப்பலேற்றி அனுப்பிய பண்டம் என்றே நம்மிற் பலர் எண்ணிக்கொள்கின்றனர். ஓலைச்சுவடியில் எழுதிய நம் முன்னோரிடம் மூவகை எழுத்தாணிகள் இருந்தன. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்பன அவற்றின் பெயர்கள். இவற்றுள் மடக்கெழுத்தாணி ஒரு புறத்தில் எழுதும் ஊசியும் மறுபுறத்தில் ஓலையை நறுக்கும் கத்தியும் உடையது. இரண்டும் பிடிக்குள் மடங்கி அடங்கிவிடும். கணக்கெழுதுவோர் அதனை மடியில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தனர். இறகுப் பேனாவைச் சீவுவதற்காக மேனாட்டில் ஒரு சிறு கத்தி பிறந்து, அது நம் நாட்டுக்கு வந்து ‘பேனாக்கத்தி’ எனப் பெயர் பெற்றது பிந்திய கதை. எழுதுகோலுக்குத் துணையாகவே இரு நாட்டிலும் கத்தி மடங்கக் கற்றுக்கொண்டது என்பது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமை அன்றோ? இன்னும் பின்னோக்கிச் சென்றால், ஒஸ்ரியா நாட்டின் ஹால்ஸ்ராற் என்னுமிடத்தில் ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்புப் பிடியுள்ள மடக்குக்கத்தி கிடைத்திருக்கிறது. ஹால்ஸ்ராற் உப்புச் சுரங்கத்தாற் பேர்பெற்ற ஊர். உப்பும் இரும்பும் பகையாளிகள். அந்தப் பகையைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

இப்போது நாம் எடுத்துக்கொண்ட பொருள் பேனா சீவும் சிறு கத்தியன்று. உள்ளங்கையை நிரப்பும் பெரிய மடக்குக்கத்தி. அதனை விரும்புவோர் அளவுகடந்து விரும்புகின்றனர். குறை சொல்வோரும் அந்த விருப்பமுடையோரே. கத்தியைத் தொடாதவன் கத்தியில் என்ன குற்றம் காணப்போகிறான்?

பரந்தன் சந்தியை அறியாத வடபுலத்தார் இலர். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஆனையிறவைக் கடந்து தெற்கே வர, கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே பூநகரிக்கும் பாதைகள் பிரிகின்ற இடம் அது. இரணைமடுக் குளத்து நீர் பாய்ந்து விளையும் நெல்வயல்கள் ஒரு பக்கம்; உவர்க்காற்று வீசும் கடனீரேரி மறு பக்கம். இங்குள்ள கமக்காரரின் இடுப்பில் எப்போதும் ஒரு கத்தி இருந்தே வந்திருக்கிறது. 1983ஆம் ஆண்டிற்குப் பின்னர் வடபுலத்தார் பல்லாயிரவர் சுவிற்சர்லாந்து சென்று குடியேறினர். அவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது பெட்டியில் சொக்கிளேற்றுடன் கூடவே வருவது வெள்ளைச் சிலுவை பொறித்த கத்தி. சிறுவர்க்கும் நண்பர்க்கும் சிவப்புப் பிடியுள்ள சிறியது. மச்சானுக்கோ மாமனுக்கோ பெரியது. ஆதலால் சுவிஸ் கத்தி பரந்தன் வயல்வெளிக்கு ஓர் அந்நியப் பொருள் அன்று.

இக்கத்தியின் வரலாறு சுருக்கமானது. கார்ல் எல்செனர் என்பவர் 1884ஆம் ஆண்டில் இபாக் என்னும் ஊரில் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1891இல் சுவிஸ் படைவீரருக்கு அவர் கத்தி வழங்கலானார். தாயார் விக்டோரியாவின் பெயரைத் தொழிலுக்குச் சூட்டினார். 1921இல் துருப்பிடியா உருக்கு வந்து சேர்ந்தபோது, அதனைக் குறிக்கும் ‘இனொக்ஸ்’ என்ற சொல்லும் அப்பெயருடன் ஒட்டிக்கொண்டு ‘விக்டோரினொக்ஸ்’ ஆயிற்று. தாயின் பெயரும் உருக்கின் பெயரும் கலந்த இப்பெயரை இன்று உலகம் முழுதும் உச்சரிக்கின்றது. நெடுங்காலம் சிறிய கத்தியையே கைக்கொண்ட சுவிஸ் படையினர், 2008இல் பெரியதொன்றைத் தெரிந்தெடுத்தனர். மடக்கிய நிலையில் 111 மில்லிமீற்றர் நீளம். நிறை ஏறத்தாழ 130 கிராம். கரும்பச்சையும் கறுப்பும் கலந்த, வழுக்காத பிடி. அலகிலே ஒரு துளை, பெருவிரலை அதில் வைத்துத் தள்ளினால் ஒரு கையாலேயே விரிந்துவிடும். விரிந்தபின் அசையாதிருக்கப் பூட்டு. மரமறுக்கும் வாள், தகரம் திறக்கும் நாக்கு, ஸ்குறூ டிறைவர், துளையிடும் ஊசி முதலியனவும் அதனுள் அடக்கம். இதன் குடிமக்கள் வடிவமும் கடைகளில் விற்கப்படுகிறது. நம்மவர் பெட்டியில் வரும் பெரிய கத்தி பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இதனை விரும்புவோர் முதலில் மெச்சுவது பிடியை. சிறு கத்தியை இரண்டு விரலாற் பற்றுகிறோம்; மற்றை இரண்டு விரலும் வேலையற்று நிற்கும். பெரிய கத்தியிலோ நான்கு விரலும் அமர்ந்து கைநிறையப் பிடிக்கலாம். நீர் பட்டு ஊறிய சணற்கயிற்றை அறுக்கும்போதும், இறுகிய உரப்பையின் வாயைக் கிழிக்கும்போதும் இந்த வேறுபாடு மணிக்கட்டுக்குத் தெரியும். கூர் மழுங்கியதால் உண்டாகும் காயத்திலும், பிடி போதாமையால் உண்டாகும் காயமே மிகுதி என்று கத்தி பழகியோர் சொல்வதை நாம் நம்புகிறோம்.

அடுத்தது ஒரு கையால் விரிக்கும் வசதி. நகத்தைக் கீறலிற் கொடுத்து இழுக்கும் பழைய கத்திக்கு இரண்டு கை வேண்டும், அதிலும் சேறு படிந்த விரல் வழுக்கும், நகம் மடியும். கன்றின் கழுத்தில் கயிறு சிக்கி இறுகுகிறது. ஒரு கை கன்றைப் பிடித்திருக்கிறது. தென்னையின் பாதியில் நிற்பவனுக்கு ஒரு கை மரத்தைத் தழுவியிருக்கிறது. உழவு இயந்திரத்தின் சில்லில் வைக்கோற் கயிறு சுற்றிக்கொண்டால் ஒரு கை அதனை விலக்கிப் பிடிக்கவேண்டும். இத்தகைய வேளையில் மறு கை மட்டுமே எஞ்சியிருக்கும். சுவிஸ் படையினர் துளையிட்ட அலகைத் தெரிந்தது அழகுக்காக அன்று.

மூன்றாவது பூட்டு. இதனைச் சற்று விரிவாகச் சொல்லுதல் நன்று. ஏனெனில் விரல் இருப்பதும் இழப்பதும் இதனைப் பொறுத்தது. சாதாரண மடக்குக்கத்தியில் பூட்டு இல்லை. பிடியின் முதுகில் உள்ள ஒரு வில், அலகின் தட்டையான அடியை அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தமே அலகை விரிந்த நிலையில் நிறுத்துகிறது. நேராக வெட்டும்வரை குற்றமில்லை. வெட்டும் விசை அலகை மேலும் விரிக்கவே முயலும். ஆனால் நுனியாற் குத்தித் துளையிட முயலும்போது, அல்லது வெட்டுவாயில் இறுகிய அலகைப் பின்னே இழுக்கும்போது, விசை முதுகுப் பக்கம் திரும்புகிறது. நெம்புகோலின் கணக்கை மாணவர் அறிவர். நுனி, சுழலும் ஆணியிலிருந்து 8 சென்ரிமீற்றர் அப்பால்; வில் அழுத்தும் இடமோ ஆணிக்குச் சில மில்லிமீற்றர் அருகில். ஆகவே நுனியில் விழும் சிறு விசை, வில்லின் பெரு விசையை எளிதில் வென்றுவிடும். அலகு மடங்கும், மடங்கும் வழியில் இருப்பது விரல். அலகு நீள நீள இந்தத் தீமை பெருகும் என்பதையும் கணக்கே சொல்லும். சிறு கத்திக்குப் பூட்டு ஓர் அலங்காரமாகலாம். பெரிய கத்திக்கு அது இன்றியமையாதது.

இக்கத்தியில் உள்ள பூட்டு எளியது. பிடியின் உட்புறத் தகட்டில் ஒரு கீற்றை வெட்டிச் சற்று வளைத்து விட்டிருக்கிறார்கள். அலகு முழுதும் விரிந்தவுடன் அக்கீற்று தானே நகர்ந்து அலகின் அடிக்குப் பின்னே முட்டுக்கொடுத்து நிற்கிறது. மடக்க வேண்டுமானால் பெருவிரலால் கீற்றை ஒதுக்கவேண்டும். இங்கேதான் முதற் குறையும் எழுகிறது. கீற்றை ஒதுக்கும் பெருவிரல், அலகு மடங்கிவரும் பாதையிலேயே கிடக்கின்றது. பழகியவன் அலகு பாதி மடங்கியதும் விரலை விலக்கிக்கொள்வான். பழகாதவன் பதறுவான். பூட்டில் மணலோ காய்ந்த சேறோ புகுந்தால் கீற்று முழுதும் வந்து அமராது. பூட்டியதுபோலத் தோன்றி ஏமாற்றும். வயலில் பாவிப்போர் விரித்தவுடன் கீற்று முழுதாக அடியைப் பற்றியதா என்று கண்ணாற் காணாமல் வேலை தொடங்கலாகாது.

இரண்டாவது குறை அலைவாய். படைவீரருக்கென வந்த அலகில் நுனிப்பக்கத்து வாய் அலையலையாக வெட்டப்பட்டிருக்கிறது. பிடிப்பக்கத்து வாய் மட்டுமே நேரானது. நைலோன் கயிற்றுக்கும் தடித்த பட்டிகளுக்கும் அலைவாய் எமனே. கயிறு அதன் பள்ளத்தில் விழுந்து நழுவாது அறுபடும். ஆனால் நுனிதானே நுண்வேலை செய்யும் இடம்? கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் தோலைச் சீவிப் பாருங்கள்: நேர்வாய் மெல்லிய நாடாபோலத் தோலை எடுக்கும், அலைவாய் அதனைப் பிய்த்து, சாற்றைக் கையெல்லாம் ஒழுகவிடும். இளம் ஒட்டுக்கிளையைச் சாய்வாய்ச் சீவுவதற்கும் அலைவாய் உதவாது. இதனைவிடப் பெரிய தொல்லை, மழுங்கினால் தீட்டுவது. வீட்டுத் தீட்டுக்கல் தட்டையானது. பள்ளங்களுக்குள் அது இறங்காது. அதற்கென உருண்டை அரம் வேண்டும். அது சந்தைக் கடையில் எளிதிற் கிடையாது. அலைவாய் வேண்டுமென்றால் அதனைப் பிடிப்பக்கத்தில் வைத்திருக்கலாமே என்று கத்திப் பிரியர்கள் நெடுநாளாய் முறையிடுகின்றனர். அவர்கள் பக்கமே நாமும் நிற்கிறோம். குடிமக்கள் வடிவங்களில் முழுதும் நேர்வாயுள்ளனவும் உள. சுவிஸிலிருந்து வரும் உறவினருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டால் தவறில்லை.

தடிப்பும் பாரமும் மற்றொரு குறை. வாளும் ஊசியும் தகரம் திறக்கும் நாக்கும் அடுக்கடுக்காக இருப்பதால் கத்தி ஒரு சிறு செங்கல்போற் பருத்துவிடுகிறது. காற்சட்டைப் பையில் அது தொடையை இடிக்கும். சாரம் உடுத்தவன் மடியிற் செருகினால், வரப்பில் இரண்டு முறை குனிந்து நிமிர்வதற்குள் மடி அவிழும். இதனால் சிலர் வாருடன் கூடிய உறையைத் தைப்பித்து அரைப்பட்டியில் கோக்கின்றனர். ‘இவ்வளவு கருவி எதற்கு? கத்தி கத்தியாய் இருந்தாற் போதாதா?’ என்று கேட்போர் ஒரு சாரார். மீன் ரின் திறக்க வேறு கருவியின்றி ஓர் இரவைக் கழித்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். மரமறுக்கும் வாளைப் பற்றி மட்டும் ஒருவரும் குறை சொல்லக் கேட்டதில்லை. பெருவிரற் பருமனுள்ள வேலிக் கதியாலை அது வெண்ணெய்போல் அறுக்கின்றது.

உருக்கைப் பற்றியும் கத்திப் பிரியர் இரு கட்சியாய் நிற்கின்றனர். உருக்கின் வன்மையை அளக்க ரொக்வெல் என்னும் அளவுகோல் உண்டு. சுவிஸ் அலகு அவ்வளவில் ஏறத்தாழ 56 நிற்கும். இக்காலத்து விலையுயர்ந்த கத்திகள் 60ஐயும் தாண்டுகின்றன. வன்மை கூடினால் கூர் நெடுநாள் நிற்கும்; ஆனால் மழுங்கிய பின் சாதாரணக் கல் அதில் ஏறாது; எலும்பிலோ கல்லிலோ பட்டால் வாய் பொரிந்தும் போகும். சுவிஸ் அலகு விரைவில் மழுங்கும். அம்மியின் விளிம்பிலே நாலு இழுப்பு இழுத்தால் மீளவும் கூராகும். நகரத்தில் இருந்து கத்தி சேகரிப்போர்க்கு முன்னையது பிடிக்கும். பரந்தனில் நாள்தோறும் கத்தியைப் பாவிப்பவர்க்குப் பின்னையதே ஏற்றது. கள்ளிறக்குவோர் கல்லைத் தூளாக்கிப் பலகையில் இட்டுப் பாளைக்கத்தியைத் தீட்டும் அழகைக் கண்டவர், நாள்தோறும் சிறிது தீட்டுவதே கூரின் இரகசியம் என்பதை அறிவர்.

இனி உப்பின் கதை. ஆனையிறவு உப்பளத்து உப்பைக் கொண்டே பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலத்தில் காஸ்டிக் சோடாவும் குளோரினும் ஆக்கியது. உப்புக் கரைசலுள் மின்சாரத்தைச் செலுத்தினால் இவ்விரண்டும் பிரிகின்றன என்பது பாடப்புத்தகத்தில் உள்ளதே. 1950களில் உருவாகிய அத்தொழிற்சாலை, போர் மூண்ட 1980களில் ஓய்ந்தது. உப்பிலுள்ள குளோரைட்டு, கத்திக்கும் சத்துரு. துருப்பிடியா உருக்கு என்பது துருவே பிடிக்காத உருக்கு அன்று. 1913இல் ஷெபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி என்பவர் கண்ட உண்மை இதுவே: இரும்பில் நூற்றுக்கு 12 பங்களவு குரோமியம் கலந்தால், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் தோன்றி இரும்பைக் காக்கின்றது, கீறுண்டாலும் காற்றுப் பட்டால் தானே மூடிக்கொள்கின்றது. ஆனால் காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீர் தேங்கி நின்றால் குளோரைட்டு அப்படலத்தைத் துளைக்கும். மூடிக்கொள்ளக் காற்று இல்லை. ஊசிமுனைபோலக் குழி விழும். மடக்குக்கத்தியில் அத்தகைய இடுக்கு எது? அலகு சுழலும் மூட்டே. ஆனையிறவுக் காற்றிலும் கடனீரேரி இறாலிலும் பழகும் கத்தி, அலகெல்லாம் பளபளத்திருக்க மூட்டில் மட்டும் செம்மை படர்வது இதனாலேதான். அலகைத் துடைத்துவிட்டுக் கத்தியைத் துடைத்தோம் என்று எண்ணுவது, முகத்தைக் கழுவிவிட்டுக் குளித்தோம் என்பதை ஒக்கும்.

மாம்பழச் சாறும் மூட்டில் இறங்கும். அது துருவைவிட எறும்பையே முதலில் அழைத்துவரும்.

பிற நாட்டுப் பெரிய மடக்குக்கத்திகள் இரண்டைச் சொல்லாது விடலாகாது. பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890ஆம் ஆண்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் செய்த கத்தி, மரப்பிடியும் ஓர் அலகுமே உடையது. இலக்கமிட்ட பல அளவுகளில் வரும். பத்தாம் இலக்கத்தின் அலகு 10 சென்ரிமீற்றர், பன்னிரண்டாம் இலக்கத்தினது 12. 1955இல் அதன் கழுத்தில் ஓர் உருக்கு வளையம் சேர்க்கப்பட்டது; வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். விரலுக்குத் தீங்கில்லாத பூட்டு இது. அலகு மெல்லியது, பாணையும் பழத்தையும் இதனைப்போல் வெட்டும் மடக்குக்கத்தி அரிது. பாரமோ மிகக் குறைவு. அளவிற் பெரியதாயினும் மடியில் இருப்பதே தெரியாது. குறை யாதெனின், மரப்பிடி நீரில் ஊறினால் வீங்கி அலகைக் கவ்விக்கொள்ளும். மாரியிலே, வேண்டிய நேரத்தில் கத்தி வெளியே வர மறுக்கும். பிடியின் பின்புறத்தை ஒரு கட்டையில் தட்டினால் அலகு சற்றே எழும்பும் என்பது சவோய் மக்கள் கண்ட உபாயம். ஆளிவிதை நெய் ஊட்டி வைத்தால் வீக்கம் குறையும். துருப்பிடிக்கும் உருக்கிலும் துருப்பிடியா உருக்கிலும் இக்கத்தி கிடைக்கிறது. நம் உவர்க்காற்றுக்குப் பின்னையதே.

மற்றது அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964இல் வெளியிட்ட 110ஆம் இலக்கக் கத்தி. பித்தளைத் தலையும் மரப்பிடியும், நாலங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அலகும், விரிக்கும்போது ‘டக்’ என்று ஒலிக்கும் முதுகுப் பூட்டும் உடையது. வேட்டைக்காரர் அதுவரை மடங்காத உறைக்கத்தியையே நம்பினர். மடக்குக்கத்தியும் அவ்வளவு உறுதியாக இருக்கக்கூடும் என்று காட்டியது இது. அழகில் இதற்கு ஈடில்லை என்போர் உளர். ஆனால் நிறை ஏறத்தாழ 200 கிராம். விரிக்கவும் மடக்கவும் இரு கை வேண்டும். வியர்வை பட்டால் பித்தளை கறுத்துக் கையிலும் மணக்கும். அருமையான கத்தி, அரைப்பட்டியில் உறையுடன் அணிபவனுக்கு மட்டும்.

எவ்வளவு பெரிதாயினும் மடக்குக்கத்தி சில வேலைக்கு ஆகாது. நுங்கு சீவவும் தேங்காய் உடைக்கவும் அதனை ஓங்கி வெட்டினால் ஆணி தளரும். அலகு ஆடத் தொடங்கும். ஆடிய அலகில் பூட்டும் பொய்யாகும். அதற்கு வீட்டுக் கத்தியும், பற்றை வெட்டக் காட்டுக்கத்தியும், பாளை சீவப் பாளைக்கத்தியும், பனையோலை வாரச் சத்தகமும் இருக்கின்றன. மூட்டில்லாத கத்தியின் வேலையை மூட்டுள்ள கத்தியிடம் கேட்டுவிட்டு அதனைப் பழிப்பது நேர்மையன்று. பெரிய மடக்குக்கத்தி பற்றிய முறைப்பாடுகளிற் பாதி இவ்வகையினவே.

பரந்தன் மக்கள் கத்தியின் பெருமையை வேறொரு வகையிலும் அறிந்தவர்கள். 2008ஆம் ஆண்டின் இறுதியில் ஊரை விட்டுப் புறப்பட்டபோது காட்டுக்கத்தியும் மண்வெட்டியும் உழவு இயந்திரமும் வழிநெடுகக் கைவிடப்பட்டன. இடுப்பில் இருந்ததே எஞ்சியது. தறப்பாளைக் கிழிக்கவும், கயிற்றை அளவாக வெட்டவும், கம்பைக் கூராக்கி நாட்டவும், மாவுப்பையைத் திறக்கவும் கையளவு கத்தி ஒன்று போதியதாயிருந்தது. அதுவும் இல்லாதவர் பல்லாற் கடித்தனர். 2010ஐ அண்டி மீண்டு வந்தவர்கள் வளவைத் துப்புரவாக்கத் தொடங்கியபோதும் கத்தியே முதற் கருவி. கத்தியை வெறும் விளையாட்டுப் பொருளாகக் கருதும் நகரத்தாரின் பேச்சு இவர்களுக்கு விளங்காததில் வியப்பில்லை.

அதே நிலத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பல கருவி அடங்கிய கத்தி கையில் இருந்தால், கண்டதையெல்லாம் கழற்றிப் பார்க்க இளையோர் உள்ளம் அவாவும். வன்னி மண்ணில் வெடிக்காத பொருள்கள் இன்றும் கிடைப்பதுண்டு. மண்ணுள் அரைகுறையாகத் தோன்றும் உலோகத் துண்டு எதனையும் கத்தி நுனியாலோ ஸ்குறூ டிறைவராலோ தொடலாகாது. அவ்விடத்தை விட்டு வந்த வழியே திரும்பி, பெரியோருக்கும் பொலிசாருக்கும் அறிவித்தல் வேண்டும். மாணவர் இவ்வொன்றை மட்டும் இக்கட்டுரையில் நினைவிற் கொண்டாலும் நாம் எழுதியது வீணன்று.

கத்தியை எங்கே கொண்டுபோவது என்பதும் சிந்திக்கத்தக்கது. வடபுலப் பத்திரிகைகளில் வாள்வெட்டுச் செய்திகள் அண்மை ஆண்டுகளில் மலிந்துவிட்டன. அதனால் இளைஞன் ஒருவன் இடுப்பிற் கத்தியுடன் கோயில் திருவிழாவிற்கோ பேருந்து நிலையத்திற்கோ சென்றால், அவன் வயலிலிருந்து நேரே வந்தவன் என்று ஊகிப்பார் அரியர். கமக்காரனின் கருவி, கையொன்று மாறியதும் சண்டைக்காரனின் படைக்கலமாகத் தோற்றும். பெரிய கத்தியின் மிகப்பெரிய குறை, அதன் உருக்கிலோ பூட்டிலோ இல்லை. காண்பவரின் அச்சத்தில் இருக்கிறது. வயலுக்குப் பெரியது, பயணத்துக்குச் சிறியது, பள்ளிக்கூடத்துக்கு ஒன்றுமில்லை என்பதே நம் வீடுகளுக்கு ஏற்ற ஒழுங்கு. இலண்டனில் வாழும் உறவினர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டின் சட்டப்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது மூன்றங்குலத்துக்கு மேற்படாத வாயுள்ள மடக்குக்கத்தி மட்டுமே. பூட்டுள்ள கத்தியை அந்நாட்டு நீதிமன்றங்கள் மடக்குக்கத்தியாகவே கொள்வதில்லை. விரலைக் காக்கும் பூட்டே அங்கே குற்றத்துக்கு ஏதுவாவது விந்தை. எனினும் சட்டம் சட்டமே. கட்டுநாயக்காவில் விமானமேறுவோரும் கத்தியைக் கைப்பையில் வையாது, ஒப்படைக்கும் பெட்டியில் வைப்பாராக. எத்தனையோ நல்ல கத்திகள் மச்சானைச் சென்றடையாமல் விமான நிலையக் கூடைக்குள் முடிந்திருக்கின்றன.

எந்த வயதில் பிள்ளைக்குக் கத்தி கொடுக்கலாம்? வயதைக் கொண்டு விடை சொல்வது அரிது. முதலில் பூட்டில்லாத சிறு கத்தியைக் கொடுத்து, வில்லுக்கு அஞ்சப் பழக்குவது பழைய முறை. முதலிலேயே பூட்டுள்ளதைக் கொடுத்து விரலைக் காப்பது புதிய முறை. நாம் புதிய முறையையே விரும்புகிறோம். ஆனால் அலகு சிறிதாயிருக்கட்டும். உடலுக்கு அப்பாலே வெட்டுதல், எட்டும் தூரத்தில் எவரும் இல்லாதபோது விரித்தல், மடக்கிய பின்னரே பிறர்க்கு நீட்டுதல் என்பவற்றைச் சொல்லிக் கொடுப்பதிலும் செய்துகாட்டுவதே பயன் தரும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தாற் சண்டை வரும் என்று நம் பாட்டிமார் நிலத்தில் வைக்கச் சொல்வர். மேனாட்டாரும் கத்தியை வெறுங்கையாற் பரிசளித்தால் நட்பு அறுபடும் என்று அஞ்சி, பெறுபவரிடம் ஒரு சிறு நாணயத்தை விலையாக வாங்கிக்கொள்வர். நிலத்தில் வைத்த கத்தி ஒருவர் விரலையும் அறுப்பதில்லை ஆதலால், பாட்டிமார் சொல்லில் நமக்கு மறுப்பில்லை.

பராமரிப்புக்குச் செலவு ஏதுமில்லை. உப்புநீரிலோ பழச்சாற்றிலோ பட்ட கத்தியை விரித்து, இளஞ்சூட்டு நன்னீரில் மூட்டை முன்னும் பின்னும் அசைத்துக் கழுவுக. துணியாற் துடைத்து நிழலில் நன்றாய் உலரவிடுக. பின் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி ஆணியில் விட்டு, பத்து முறை விரித்து மடக்குக. தேங்காயெண்ணெய் வேண்டாம், அது நாளடைவிற் பிசினாகி மூட்டை இறுக்கிவிடும். ஒரு துளிக்கு மேல் விடுவதும் வேண்டாம். மிகுந்த எண்ணெய் பரந்தன் புழுதியையெல்லாம் திரட்டி மூட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.